அம்மா பட்டை தீட்டிய கல்

எண்பதுகளில் உறையூரில் எங்கள் வீட்டுக்குள் மாணிக்கம் இரண்டு இடங்களில் இருந்தது. ஒன்று, அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரத்தில். முகப்பிலேயே 17 ஜூவல்ஸ் என்று அச்சிட்டிருக்கும். சக்கரங்களின் அச்சு சுழலும் இடம் தேயாமலிருக்க உள்ளே பொருத்திய பொடிக் கற்கள் அவை. இன்னொன்று, அம்மாவின் பக்கத்தில் இருந்த அலுமினியக் கிண்ணத்தில். இரண்டுமே ஆலையில் செய்த மாணிக்கம். அப்பாவின் கையைப் பார்த்தவர்கள், “பதினேழு கல்லு வச்ச வாட்சு” என்று மரியாதையாகச் சொன்னார்கள். அம்மாவின் கிண்ணத்தைப் பார்த்தவர்கள், “டூப்ளிகேட் கல்லுதானே” என்றார்கள். ஒரே பொருளுக்கு ஒரே வீட்டில் இரண்டு மரியாதை.

கல் வேலை அப்போது திருச்சியிலும் புதுக்கோட்டை வரைக்குமான கிராமங்களிலும் வீட்டுக்கு வீடு நடந்தது. நெல்வயலில் வேலை இல்லாத மாதங்களில் சோறு போட்டது அதுதான். குச்சி முனையில் அரக்கை உருக்கி, கல்லை ஒட்டி, சுழலும் சாணைத் தட்டில் ஒரு கோணத்தில் பிடிக்க வேண்டும். ஒரு பட்டை முடிந்ததும் குச்சியை இம்மி திருப்பி அடுத்த பட்டை. மேல்பக்கம் முடிந்தால் அரக்கை இளக்கி, கல்லைப் புரட்டி ஒட்டிக் கீழ்ப்பக்கம். எங்கள் தெருவில் இதைப் பெரும்பாலும் பெண்கள்தான் செய்தார்கள். அளவுகோல் எதுவும் கிடையாது. கோணம் அம்மாவின் மணிக்கட்டில் இருந்தது. எண்ணிக்கைக்குக் கூலி. முனை உடைந்தால் அந்தக் கல்லுக்குக் காசு இல்லை.

அந்தக் கல் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பெரியவனான பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பிரான்ஸைச் சேர்ந்த அகஸ்த் வெர்னுய் 1902இல் வெளியிட்ட முறை அது. மாவைவிட நுண்மையான அலுமினியம் ஆக்சைடு தூளில் துளி குரோமியம் கலந்து, ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து எரியும் சுடர் வழியாகச் சொரியவிடுகிறார்கள். 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகும் தூள் கீழே துளித்துளியாகப் படிந்து, சில மணி நேரத்தில் விரல் பருமனுக்குச் சிவப்புக் கட்டியாக வளர்கிறது. பர்மாவின் மோகோக் பள்ளத்தாக்கில் தோண்டியெடுக்கும் மாணிக்கமும் அலுமினியம் ஆக்சைடுதான், அதற்கும் சிவப்பைக் கொடுப்பது குரோமியம்தான். கடினம் ஒன்றே, அடர்த்தி ஒன்றே, ஒளியை வளைக்கும் அளவு ஒன்றே. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஆலைக்கல்லின் உள்ளே வளர்ச்சிக் கோடுகள் வளைந்து ஓடும், சிலவற்றில் காற்றுக் குமிழி தெரியும். பூமிக்கல்லில் கோடுகள் நேராக, கோணம் கோணமாக இருக்கும். வேறுபாடு அவ்வளவே.

பட்டை தீட்டாத இந்த ரஃப் கல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. பிறகு நம் மேட்டுப்பாளையத்திலேயே சுவிஸ் கூட்டில் ஓர் ஆலை நடந்தது. ஆக, மாணிக்கம் நீலகிரி அடிவாரத்தில் விளைந்து காவிரிக் கரையில் பட்டை தீட்டப்பட்டது. அதைப் பெருமையாகச் சொல்ல அன்று யாரும் இல்லை.

பெருமைக்குப் பதிலாக வெட்கம்தான் எங்களுக்குக் கிடைத்தது. அத்தைக்கு நிச்சயம் நடந்தபோது மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருவர் அத்தையின் மூக்குத்தியை உற்றுப் பார்த்துவிட்டு, “பட்டறைக் கல்லா?” என்று கேட்டார். கூடம் முழுக்க உறவுக்காரர்கள். அப்பாயி நிதானமாக, “ஆமாங்க, எங்க மருமக தேய்ச்சது” என்றார். அந்த அம்மாள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஆனால் திருமணத்துக்குள் வேறு மூக்குத்தி வாங்கச் சொல்லி ஆள் வந்தது. அப்பா கடன் வாங்கி, பெரிய கடைவீதியில் கடுகளவு வைரம் வைத்த மூக்குத்தி ஒன்று வாங்கினார். அந்தக் கடனை அடைக்க அம்மா ராத்திரியும் உட்கார்ந்து பட்டறைக் கல்லைத்தான் தேய்த்தாள். உண்மைக் கல் என்று மதிக்கப்பட்டதற்கான விலையைப் போலிக் கல் என்று இகழப்பட்டது கட்டியது. அத்தையின் அந்தப் பழைய மூக்குத்தியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

அந்தக் கோபம் சுரங்கக் கல்லின் மேல் அல்ல. தெருமுனைப் பெரிய வீட்டு ஆச்சியின் காதில் ப்ளூஜாகர் வைரத் தோடு இருந்தது. செட்டிநாட்டிலிருந்து திருச்சிக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். ஒரு நாள் அம்மா ஆசைப்படுகிறாள் என்று தெரிந்து, ஆச்சி தோட்டைக் கழற்றி அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். “நல்லாப் பாருத்தா, கல்லு தெரிஞ்ச கை உன் கை” என்றார். அம்மா பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தாள். நானும் பார்த்தேன். வெள்ளைக்குள் நீலம் ஓடிய அந்த ஒளியைப் போல ஒன்றை நான் பிறகு எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. அதை மட்டம் என்று சொல்ல என்னால் முடியாது.

ஜாகர் என்பது தென்னாப்பிரிக்காவில் உள்ள ஜாகர்ஸ்பான்டைன் என்ற சிற்றூரின் சுரங்கம். 1893இல் எக்ஸெல்சியர் என்ற மாபெரும் வைரம் கிடைத்த இடம். அங்கே தோண்டிய கல் எப்படியோ கடல் கடந்து நம் பாட்டிமார்களின் காதுக்கு வந்து, தமிழ்க் குடும்பங்களில் வைரத்தின் உச்சமாகவே ஆகிவிட்டது. 2022 செப்டம்பர் 11ஆம் தேதி அந்த ஊரில், சுரங்கக் கழிவுச் சேற்றைத் தேக்கி வைத்திருந்த அணை உடைந்தது. சுரங்கம் மூடி அரை நூற்றாண்டு ஆன பிறகு, பழைய கழிவை மறுபடி அலசி வைரம் தேடியதில் சேர்ந்த சேறு. வீடுகளை அடித்துக்கொண்டு போனது, உயிரும் போனது. அந்தப் படங்களைப் பார்த்தபோது ஆச்சியின் தோடுதான் கண்முன் வந்தது. நம் வீட்டுப் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கும் கல் புறப்பட்ட ஊரில், யாருடைய வீட்டுக்குள்ளோ சாம்பல் நிறச் சேறு புகுந்திருக்கிறது. ஆச்சிக்கு அது தெரிய வாய்ப்பில்லை. தெரிந்திருந்தால் கண் கலங்கியிருப்பார், அவர் அப்படிப்பட்டவர்.

கல்லைப் பற்றிய சந்தேகம் நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரையின் இரத்தினக் கடைத்தெரு வருகிறது. எந்தக் கல்லுக்கு எது குற்றம், எது குணம் என்று வணிகர்கள் அறிந்து வைத்திருந்ததை இளங்கோ வரிசையாகச் சொல்கிறார். காங்கேயத்துக்கு அருகில் உள்ள படியூரில் கடல்நீலப் பச்சைக்கல் எடுத்தார்கள். கொடுமணலில் மணிகள் செய்த பட்டறைகளை அகழாய்வில் கண்டிருக்கிறார்கள். ரோமானியர்கள் அந்தப் பச்சைக்கல்லுக்கு உயிரை விட்டார்கள். அதே ரோமாபுரியின் பிளினி, இந்தியர்கள் பளிங்குக்கு நிறமேற்றிப் பச்சைக்கல் என்று விற்கிறார்கள் என்று முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். அது நிச்சயம் ஏமாற்று வேலை. ஒன்றை மற்றொன்றாகச் சொல்லி விற்பது அன்றும் இன்றும் ஏமாற்றுதான். அம்மாவின் மாணிக்கம் அந்த வகை அல்ல. அதை விற்ற முதலாளியும் ஆலைக்கல் என்று சொல்லித்தான் விற்றார். நிறமேற்றிய பளிங்கையும் ஆலையில் வளர்ந்த மாணிக்கத்தையும் ஒரே கூடையில் போட்டுவிட்டதுதான் நாம் அந்தப் பெண்களுக்குச் செய்த அநியாயம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எழுபதுகளின் பிற்பகுதியில் அமெரிக்கன் டைமண்ட் என்ற பெயரில் பரவிய கல் வைரமே அல்ல. அது கியூபிக் சிர்கோனியா, சிர்கோனியம் ஆக்சைடு. அதைப் பெருமளவில் வளர்க்கும் வழியைக் கண்டவர்கள் சோவியத் விஞ்ஞானிகள். ஒரே அளவுள்ள வைரத்தைவிட எடை கூடியது, மென்மையானது, நாளாக நாளாகக் கீறல் விழும். எங்கள் தெருவுக்கு அந்தக் கல் வந்தபோது நல்ல காலம் வந்தது. கவரிங் தோடு, மோதிரம், வளையல் என்று எல்லாவற்றிலும் அது ஏறியது. ஆனால் இன்று ஷோரூம்களில் லேப் க்ரோன், அதாவது ஆய்வகத்தில் வளர்ந்தது, என்று விற்பது அதுவல்ல. அது முழு வைரம், கரி அணுக்களின் அதே கட்டமைப்பு. இந்த வித்தியாசம் தெரியாமல், “எங்க காலத்து அமெரிக்கன் டைமண்டுக்கு இப்ப பேரை மாத்திட்டாங்க” என்று சொல்பவர்கள் நிறைய. தெரிந்தும் விளக்காமல் விற்பவர்களும் இருக்கிறார்கள்.

வைரத்தைச் செய்யும் கதை 1954இல் நியூயார்க் மாநிலத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் தொடங்குகிறது என்று வழக்கமாகச் சொல்வார்கள். அந்த டிசம்பரில் டிரேசி ஹால் என்ற வேதியியலாளர் பேரழுத்தத்திலும் பெருவெப்பத்திலும் கரியிலிருந்து சின்னஞ்சிறு படிகங்களை எடுத்தார். ஸ்வீடனில் ஏஎஸ்இஏ நிறுவனத்தார் அதற்கு முந்திய ஆண்டே செய்திருந்தார்கள், வெளியே சொல்லவில்லை. ஹாலுக்கு நிறுவனம் கொடுத்த வெகுமதி 10 டாலர் சேமிப்புப் பத்திரம். செய்கிற கைக்கு எங்கேயும் இதுதான் மரியாதை போலிருக்கிறது என்று அதைப் படித்தபோது மனம் கசந்தது. நகைக்குப் போடும் தரத்தில், கட்டுப்படியாகும் விலையில் வைரம் வளர இன்னும் பல பத்தாண்டு ஆனது. இப்போது மெல்லிய வைர விதைத்தகட்டின் மேல் மீத்தேன் வாயுவிலிருந்து கரி அணுக்களை அடுக்கடுக்காகப் படியவைக்கிறார்கள். பூமிக்கடியில் 150 கிலோமீட்டருக்குக் கீழே நூறு கோடி ஆண்டுக்கு மேல் கிடந்து வந்ததும், சூரத்தில் சில வாரத்தில் வளர்ந்ததும் ஒரே மேசையில் வைத்தால் கண்ணுக்கு ஒன்றுதான். கடைகளில் உள்ள சாதாரண டெஸ்டர் பேனாவை வைத்தாலும் இரண்டையும் வைரம் என்றே காட்டும். பிரித்தறிய ஆய்வகக் கருவி வேண்டும்.

தொண்ணூறுகளுக்குப் பிறகு எங்கள் தெரு காலியானது. இயந்திரத்தில் வெட்டிய சீனக் கற்கள் வந்தன. எல்லாம் ஒரே அளவு, ஒரே கோணம், எங்கள் கூலியைவிட மலிவு. ஒவ்வொரு வீட்டிலும் சாணைத் தட்டு நின்றது. பையன்கள் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். அம்மா தட்டைக் கழற்றித் துடைத்து மூட்டையாகக் கட்டிப் பரணில் போட்டாள். அதன் பிறகு அவள் கல்லைப் பற்றிப் பேசவே இல்லை.

மறுபடி பேச வைத்தது அக்கா மகளின் நிச்சயதார்த்தம். சென்னையில் வேலை பார்க்கும் பெண். மோதிரத்துக்கு லேப் க்ரோன் வைரம்தான் வேண்டும் என்று முடிவெடுத்தாள். கடையில் எங்களை உட்காரவைத்து, குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, ஆய்வகத்தில் வளர்ந்த வைரம் எவ்வளவு தூய்மையானது, எவ்வளவு முன்னேற்றமானது என்று விற்பனைப் பையன் அழகான தமிழில் விளக்கினான். அமெரிக்காவில் வைரம் என்ற சொல்லுக்கான வரையறையிலிருந்து இயற்கை என்ற நிபந்தனையையே வர்த்தக ஆணையம் 2018இல் நீக்கிவிட்டதைச் சொன்னான். 2023 ஜூனில் பிரதமர் வாஷிங்டன் போனபோது அப்போதைய அதிபரின் மனைவிக்கு 7.5 காரட் ஆய்வக வைரத்தைப் பரிசளித்ததையும் சொன்னான். அம்மா ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது ஆண்டுக்கு முன் அவளுக்கு எதைச் சொல்லித் தலைகுனிய வைத்தார்களோ, அதையே இந்தப் பையன் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் புகழ்கிறான்.

சம்பந்தி அம்மாளுக்கு மனக்குறை. “வைரம்னா பூமியில விளைஞ்சு வரணும். அதுக்குத்தான் சக்தி. வீட்டுல நாலு நாள் வச்சுப் பார்த்து, நமக்கு ஒத்துவருதான்னு தெரிஞ்சுதான் போடணும். மெஷின்ல செஞ்சதுக்கு என்னத்தைப் பார்க்கிறது?” என்றார். அவர் சொன்னதில் கேலி செய்ய எதுவும் இல்லை. தலைமுறை தலைமுறையாக நம் பெண்கள் வைரத்தை உயிருள்ள ஒன்றாக நினைத்து, அச்சத்தோடும் மரியாதையோடும் வீட்டுக்குள் அழைத்திருக்கிறார்கள். அந்த உணர்வு வெறும் விலையைப் பற்றியதல்ல.

ஆனால் பூமி தந்தது தந்தபடியே வருகிறது என்ற நம்பிக்கை எல்லாக் கல்லுக்கும் பொருந்தாது. சந்தைக்கு வரும் மாணிக்கத்திலும் நீலத்திலும் மிகப் பெரும்பங்கு உலையில் சூடேற்றியது. இலங்கையில் பால்போல் மங்கலான கெவுடாக் கற்களைப் பயனற்றவை என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். எழுபதுகளில் தாய்லாந்து வணிகர்கள் அவற்றை அள்ளிப்போய், கடும் வெப்பத்தில் சுட்டு, ஆழ்ந்த நீலமாக்கி உலகுக்கு விற்றார்கள். இரத்தினபுரியில் தோண்டியவருக்குக் கிடைத்தது சொற்பம். ராசிக்கு நீலம் போட்டவர் விரலில் பாதிக்குமேல் உலையின் வேலைதான் இருக்கிறது. சொல்லிவிட்டு விற்றால் அதில் தவறில்லை. சொல்லாமல் விற்றுவிட்டு, ஆலைக்கல்லை மட்டும் பார்த்து மூக்கைச் சுளிப்பதை என்னால் ஏற்க முடியாது.

ஆய்வக வைரத்தை விற்பவர்கள் சொல்வதையும் அப்படியே ஏற்க முடியாது. சுரங்கம் தோண்டவில்லை என்பது உண்மை. ஆனால் அந்த உலைகள் வாரக்கணக்கில் மின்சாரத்தைக் குடிக்கின்றன. அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் வேறொரு சுரங்கம் தோண்டப்பட்டிருக்கிறது. இதைவிட எனக்குக் கவலை தருவது விலை. பத்தாண்டுக்கு முன் சுரங்க வைரத்தைவிடச் சற்றே மலிவாக விற்றது, இன்று அதில் ஒரு சிறு பங்குக்கு இறங்கிவிட்டது. உலகின் பெரிய வைர நிறுவனமான டி பீர்ஸ் 2018இல் லைட்பாக்ஸ் என்ற பெயரில் ஆய்வக வைரத்தைக் காரட் 800 டாலருக்கு விற்கத் தொடங்கி, 2025இல் அந்தக் கடையையே மூடப்போவதாக அறிவித்தது. நம் வீடுகளில் நகை என்பது கஷ்டகாலத்துக்கான காப்பு. கணவனை இழந்தவள், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு நிற்பவள், அடகுக் கடைக்கு எடுத்துப் போகும் பொருள். அப்படி நினைத்து வாங்குபவளிடம் இந்தக் கல்லைச் சேமிப்பு என்று சொல்லி விற்பது பாவம். சுரங்க வைரத்தைத் திருப்பி விற்கப் போனாலும் கொடுத்த விலை வராது. தங்கத்தை நம்புவதுபோல் இரண்டையும் நம்பக் கூடாது. அழகுக்கு வாங்கு, ஆசைக்கு வாங்கு என்று பெண்ணிடம் நேராகச் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் கடையிலேயே எங்கள் பெண்ணிடம் சொன்னேன். “தெரியும் மாமா. இது விக்கிறதுக்கு இல்ல, போட்டுக்கிறதுக்கு. அதுவும் என் சம்பளத்துல” என்றாள். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, “அம்மாயி, நீங்க பாருங்க” என்று மோதிரத்தைக் கொடுத்தாள். அம்மா விற்பனைப் பையனிடம் பூதக்கண்ணாடி கேட்டாள். பூமியா ஆய்வகமா என்று யாரையும் கேட்கவில்லை. பட்டைகளைப் பார்த்தாள். முனைகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தைப் பார்த்தாள். புரட்டிக் கீழ்முனையைப் பார்த்தாள். “மேல்மட்டம் கொஞ்சங்கூடச் சாயல. முனையெல்லாம் ஒத்து நிக்குது. தேய்ச்சவன் நல்லாத் தேய்ச்சிருக்கான்” என்றாள். அந்தக் கல்லின் சான்றிதழில் நிறம், தெளிவு, எடை, வெட்டின் தரம் எல்லாம் இருந்தன. தேய்த்தவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. சுரங்க வைரத்தின் சான்றிதழிலும் இருப்பதில்லை.

எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி இவ்வளவு சண்டை போடும் நாம், யார் கையால் ஒளி பெற்றது என்று கேட்பதே இல்லை. உலகின் வைரங்களில் பத்துக்கு ஒன்பது சூரத்தில்தான் பட்டை தீட்டப்படுகின்றன, சுரங்கத்தில் எடுத்ததும் ஆய்வகத்தில் வளர்ந்ததும். விலை இறங்கினாலும் தேவை குறைந்தாலும் முதலில் அடிபடுவது அந்தத் தட்டின் முன் உட்கார்ந்திருப்பவரின் கூலி. அத்தையின் மூக்குத்தியைப் பார்த்து முகம் சுளித்தவருக்கு அம்மாவின் கை தெரியவில்லை, இன்று ஆய்வக வைரத்தைப் புகழ்பவருக்கும் அது தெரியவில்லை.

பில் போடும்போது ஒரு சிறு வாக்குவாதம். அதில் வெறுமனே டைமண்ட் என்று மட்டும் அச்சாகி வந்தது. எங்கள் பெண் திருப்பிக் கொடுத்து, ஆய்வகத்தில் வளர்ந்தது என்று தெளிவாக எழுதச் சொன்னாள். “எல்லாருக்கும் இப்படித்தான் போடுறோம் மேடம்” என்றார் மேலாளர். அவள் விடவில்லை. எழுதி வாங்கிய பிறகுதான் பணம் கட்டினாள். எனக்கு அவளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. “ஆமாங்க, எங்க மருமக தேய்ச்சது” என்று சொன்ன அப்பாயியின் பேத்தி மகள் அவள்.

2023 மத்திய பட்ஜெட்டில் ஆய்வக வைரத்துக்கான விதைக்கல்லையும் இயந்திரங்களையும் இந்நாட்டிலேயே செய்ய ஓர் ஐ.ஐ.டி.க்கு ஐந்தாண்டு நிதி அறிவித்தார்கள். அது சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்தது, ஏறக்குறைய 242 கோடி ரூபாய். நல்ல செய்தி. சென்னையிலிருந்து திருச்சி ஒரு ராத்திரிப் பயணம்தான். வைரத்தைத் தேய்ப்பது மாணிக்கத்தைத் தேய்ப்பது மாதிரியல்ல, வைரத்தூளைக் கொண்டுதான் வைரத்துக்குப் பட்டை தீட்ட முடியும், படிகத்தின் போக்குப் பார்த்துத் தேய்க்க வேண்டும், அதைப் புதிதாகக் கற்க வேண்டும். ஆனால் ஆய்வகத்தில் வளரும் மாணிக்கத்துக்கும் நீலத்துக்கும் புதுப் பாடம் எதுவும் வேண்டாம், எங்கள் தெருப் பெண்களுக்கு அது பழகிய வேலை. அம்மா வயதில் சிலரும் அவர்களிடம் கற்ற மகள்கள் பலரும் உறையூரிலும் புதுக்கோட்டைக் கிராமங்களிலும் இன்னும் இருக்கிறார்கள். கல்லை வளர்க்கத் திட்டம் போடுபவர்கள் அந்த வீடுகளின் திண்ணையில் வந்து உட்கார்ந்து, என்ன கூலி கொடுத்தால் மறுபடி தட்டைச் சுழற்றுவீர்கள் என்று கேட்க வேண்டும்.